நான் பார்க்காத கிளைமாக்ஸ்

கடத்தல் படத்துக்கு வருங்காலக் கணவரோடு போகவே கூடாது. போனால், முடிவதற்குள் அவரை எழுந்து போக விடக்கூடாது. (நான் இரண்டும் செய்தவள்.)

நிச்சயதார்த்தம் முடிந்த புதிது. ஜோர்ஜ்டவுன் பேரங்காடி ஒன்றில் பகல் காட்சி. காதலனைக் கடத்திவிடுகிறார்கள், காதலி தேடி அலைகிறாள். அரங்கில் நானும் சரவணனும்; கடைசி வரிசையில் தனியாக ஒரு மனிதர். நான் திரும்பும்போதெல்லாம் அவர் திரையைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு நெருங்கியது. "இதோ வந்துர்றேன்" என்று சரவணன் எழுந்து, சுவரோடு முதுகை ஒட்டியபடி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போனார்.

திரையில் இருட்டு வீடு. காதலியின் கைபேசி அதிர்ந்தது. அதே நொடி என் மடியிலும் அதிர்ந்தது. சரவணனின் எண். காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம். துணி உரசும் ஓசை. பிறகு மிக மெதுவாக, முன்பின் கேட்டிராத ஓர் ஆண் குரல்:

"அசையாதே தம்பி. அசைஞ்சா குத்திரும்."

இணைப்பு அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை காலி.

வெளியே நீண்ட நடைபாதை. ஓர் ஆள்கூட இல்லை. கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருந்த வருங்கால மாமியாரை அழைத்தேன்.

"அத்தே, அவர கடத்திட்டாங்க!"

"யாரம்மா?"

"உங்க மகன!"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

சரவணன் எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். நடைபாதைக் கோடியில், மூடிய கதவுக்குப் பின்னால் அவர் கைபேசி மணி கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

"கத்திய கீழ போடுடா!" என்று கதவை உதைத்தேன். (செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.) ஓடி வந்த பாதுகாவலர் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே வாளிகள், துடைப்பங்கள். சுவரைப் பிடித்துக் குனிந்தபடி சரவணன். அவருக்குப் பின்னால், கையில் ஊசியோடு, கடைசி வரிசை மனிதர். கதவு திறந்த அதிர்ச்சியில் சரவணன் துள்ள, கால்சட்டையின் பின்புறம் போட்ட தையல் அத்தனையும் 'டர்'ரென்று பிரிந்தது.

"தம்பி உக்காரும்போதே சிலுவார் கிழிஞ்ச சத்தம் கேட்டுச்சும்மா. நான் தையக்காரன்லா, மனசு கேக்கல. பின்னாலயே வந்துட்டேன்" என்றார் அவர், பாவமாக.

"ஃபோனு பாக்கெட்ல தானா அமுங்கிருக்கு. திருப்பி நீ அடிச்சப்ப அசைய முடியலலா!" என்றார் சரவணன், சுவரைப் பார்த்தபடியே.

ஃபெர்ரி பிடித்து மூன்று மாமாக்களோடு மாமியார் வந்து சேர்ந்தபோது, அவர் மகன் என் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். மாமியார் என்னையும் துப்பட்டாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் மகள் ஒருநாள் கேட்டாள்: "கடைசில அந்த ஆள காப்பாத்திட்டாங்களா பாட்டி?"

"காப்பாத்திட்டாங்க கண்ணு," என்றார் மாமியார். "மானத்தத்தான் காப்பாத்த முடியல."