மாதாவின் காலடியில் ஐந்து பேய்ப் புத்தகங்கள்

ரொக்ஸ்பரோ,
2007 மே 14, திங்கள்.

அன்பும் பொறுமையும் மிகுந்த மச்சான் எமிலியானுஸுக்கு,

நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே மகள் மெலனியும் மருமகன் டெனிஸ்டனும் சுகம். நான் மட்டும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. மாதா இப்போது லொங்குய்யில் உம்முடைய வீட்டில் இருக்கிறபடியால் அவவின் சுகத்தை நீர்தான் எழுத வேண்டும். போன் எடுத்தால் முதல் மணிக்கே உம்முடைய மனுசி, என்ரை தங்கச்சி புஷ்பவதி, எடுத்துவிடுவாள். இது அவளுடைய காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் இந்தக் கடிதம், அதுவும் உம்முடைய வேலையிடத்து விலாசத்துக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முதல் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா சுரூபம் வீட்டுக்கு ஒரு கிழமை தங்குகிற முறை உமக்குத் தெரியும்தானே. எங்கள் முறை வந்தபோது மேசை உயரமில்லாமல் பதிவாகப் போய்விட்டது. அது, சுரூபத்தை வீடு வீடாக ஏற்றி இறக்குகிற அல்பேட் வீடு மாறேக்கை தந்த மேசை. ஆள் கட்டை, மேசையும் அவரளவுதான். முதல் நாள் செபமாலைக்கு வந்த சனம், "மாதாவை நிலத்திலை இருத்தி வைச்சிருக்கினம்" என்று குசினிக்குள் கதைத்தது மெலனிக்குக் கேட்டு, பிள்ளை அழுதுவிட்டாள். உயரத்துக்கு என்ன வைக்கலாமென்று வீடு முழுக்கத் தேடினேன். அரிசிச் சாக்கு சரியும். பியர்ப் பெட்டி மரியாதையில்லை. அப்போதுதான் மருமகனின் அலுமாரி கண்ணில் பட்டது.

டெனிஸ்டன் தங்கமான பிள்ளை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முதல் அமெரிக்காவில் சின்னப் பிள்ளையள் வாசித்துக் கிழித்தெறிந்த பேய்ப் படக்கதைகளை இப்போது கெட்டி மட்டை போட்டு, மினுங்குகிற தாளில் திரும்ப அச்சடிக்கிறார்கள், அதை இவர் வாங்கிச் சேர்க்கிறார். பன்னிரண்டு புத்தகம், எல்லாம் ஒரே அளவு, செங்கல் மாதிரி. ஒருநாள் ஒன்றின் மேல் நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க, "மாமா, நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்?" என்று கேட்டவர், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இப்போது வேலை விஷயமாக ரொறன்ரோவில் நிற்கிறார். சனிக்கிழமை வருகிறார்.

ஐந்தை எடுத்து அடுக்கி, வெள்ளைத் துணி சுற்றி, அடியிலை கயிறு போட்டுக் கட்டினன். மேல் மட்டையிலை குழிக்குள்ளாலை ஒரு அழுகின கை வெளியிலை வருகுது. அதுக்கு நேர் மேலை மாதாவின்ரை பாதம். அவ பாம்பையே மிதிக்கிறவ, இதையும் மிதிக்கட்டும் எண்டு மனதைத் தேற்றினன். ஆறு நாளும் சனம் பீடத்தைத்தான் புகழ்ந்தது.

நேற்றுச் சுரூபத்தை உங்கடை வீட்டை கொண்டுபோக அல்பேட் வான் கொண்டு வந்தார். சுரூபத்தை ஏத்தினவர், திரும்பி வந்து பீடத்தையும் தூக்கினார்.

"நீக்கிலாண்ணை, இதென்ன இந்தப் பாரம்?"

"புத்தகம்" எண்டன்.

"வேதாகமமோ? பின்னை பாரமாத்தானே இருக்கும்."

சுத்திவர முப்பது சனம், சாமியாரும் நிக்கிறார். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை மச்சான், இல்லையெண்டும் சொல்லேல்லை. அவர் தோளிலை வைச்சுக்கொண்டு போயிட்டார்.

தங்கச்சி வெள்ளைத் துணியைக் கண்டால் தோய்க்காமல் விடமாட்டாள். அவள் கண்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் மொன்றியல் முழுக்க எங்களைப் பேய் வீடு எண்டு கதைக்கும். காணாட்டிலும், மருமகன் வந்து அலுமாரியைத் திறந்தால் நான் என்ரை மகளின்ரை முகத்தைப் பாக்கேலாது. தங்கச்சி வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்துக்குப் போனவுடனை அவிட்டு எடுத்துப்போட்டு, உங்கடை டெலிபோன் புத்தகங்களை வைச்சுக் கட்டிவிட்டு, இவற்றை அண்டிரவே இஞ்சை கொண்டுவந்து தாரும். மட்டையைப் பாக்க வேண்டாம், உமக்குப் பிறஷர்.

மாதா உம்மையும் உம்முடைய பிறஷரையும் காத்து, தங்கச்சியின் கண்ணைக் கொஞ்ச நாளைக்கு வேறு பக்கம் திருப்புவாவாக.

இப்படிக்கு நித்திரையில்லாத மச்சான்,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: செவ்வாய்க்கிழமை. முத்திரை வாங்க மூலைக் கடைக்குப் போய்த் திரும்பினால், வாசலிலை மருமகனின்ரை சப்பாத்து. ரொறன்ரோ வேலை நேரத்தோடை முடிஞ்சிட்டுதாம். போன் அவரின்ரை காதிலை. தங்கச்சியின்ரை குரல் வாசல்வரைக்கும் கேக்குது.

"தம்பி, உந்த, மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலை கிடக்கிற ஆத்துமாக்களின்ரை புத்தகம் ஆர் போட்டது? இங்கிலீஷ் விளங்கேல்லை, படம் நல்லா விளங்குது. புருசனைக் கொலை செய்தவளை அவன் குழியாலை எழும்பி வந்து பிடிக்கிறான். வேணும் அவளுக்கு. செபக்கூட்டத்திலை எல்லாருக்கும் காட்டப்போறன்."

நான் கண்ணை மூடிக்கொண்டன். மருமகன், "மாமி, அவன் மழைக்குள்ளை வாறவனோ, கிணத்துக்குள்ளாலை வாறவனோ?" எண்டு கேட்டார். கதிரையை இழுத்து இருந்து முக்கால் மணித்தியாலம் கதை சொன்னார். கலியாணம் கட்டி ஆறு வருசத்திலை உந்தப் புத்தகங்களைப் பற்றி இந்த வீட்டிலை ஒருத்தரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

மிச்சம் ஏழு புத்தகத்தையும் காரிலை ஏத்திக்கொண்டு இப்பதான் உங்கடை வீட்டை வெளிக்கிட்டவர். நீர் ஒண்டையும் அவிழ்க்க வேண்டாம். ஆள் என்னோடை கோவம்தான், எடுத்ததுக்கில்லை. மூண்டாம் புத்தகத்துக்கு மேலை ஐஞ்சாம் புத்தகத்தை அடுக்கிப்போட்டனாம்.