நைனா கேட்ட கலர்

எழுபதுகளில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, முகத்தில் பூசுகிற ஃபவுண்டேஷனைக் கரைத்துக் குடித்திருந்த ஒரே ஆண்பிள்ளை ஒரு கருவாட்டு வியாபாரிதான். மறுப்பவர்கள் நேரில் வரலாம், பேசிக்கொள்வோம். சினிமா மேக்கப்காரர்களைச் சேர்க்காதீர்கள். அவர்கள் சம்பளத்துக்குக் கற்றுக்கொண்டவர்கள். எங்கள் ஆள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பெண்கள் கூட்டத்தில் முட்டி மோதி, சொந்த ஆசையில் கற்றுக்கொண்டவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஃபவுண்டேஷன் நைனா.

நான் அப்போது செங்கல்பட்டு பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்தேன். வளையல், ரிப்பன், பிளாஸ்டிக் வாளி விற்கிற கடை. முதலாளி ஒருமுறை மெட்ராஸ் போய் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, மேலே ட்யூப்லைட் போட்டு, அதற்கு மேக்கப் கவுண்டர் என்று பெயர் வைத்துவிட்டார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பெண்களும் கல்யாணப் பெண்களும் வருவார்கள் என்று கணக்கு. கவுண்டருக்கு நான். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நீ இருக்கிற கலருக்கு மூஞ்சில நல்லா பவுடர் அப்பிக்கிட்டு வாம்மா. முழுக்கை ரவிக்கை போட்டுக்க. இல்லன்னா நம்ம கிட்ட யாரு ஸ்னோ க்ரீம் வாங்குவா?"

நான் அட்டைக் கறுப்பு. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரியே வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பவுடரை அப்பிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நைனா உள்ளே வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கூடவே கருவாட்டு வாசனை. வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"மூஞ்சிக்குப் பூசுற கலரு பாட்டில்ல விக்கிறியாமே. மனுசங்க கலரு இன்னா இன்னா கீதோ, அல்லாத்தையும் எட்து வை."

இருந்த பாட்டில்களை வரிசையாக வைத்தேன். ஒன்று தந்தம், ஒன்று ரோஜா, ஒன்று பீச் பழம். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வரும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது? இதுல ஒருத்தர்கூட நம்ம ஊர் ஆளு இல்லியே!"

"யாருக்கு நைனா வேணும்?"

"எம் பொண்டாட்டிக்கு."

"அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன். கையில போட்டுப் பார்த்துடலாம்."

"அவ போயி ஒரு வருசம் ஆவுதும்மா" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. மகாபலிபுரத்தில் கல் ரதங்களுக்கு முன்னால் நிற்க வைத்து, கடற்கரை போட்டோக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதைப் பெரிதாக்கிக் கலர் தீட்டித் தரச் சொல்லி எங்கள் எதிர்க்கடை ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறார். ஸ்டுடியோக்காரரும் வழக்கம்போல முகத்துக்கு ரோஸ், கன்னத்துக்குச் சிவப்பு, உதட்டுக்கு இன்னும் சிவப்பு என்று தீட்டி நீட்டிவிட்டார். நைனா படத்தைப் பார்த்தார், ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார்.

"அண்ணாத்த, இது யாரு வூட்டு மருமவ? எம் பொண்டாட்டி எங்க?"

"எல்லாருக்கும் இந்தக் கலர்தான்யா போடுறது. செத்தவங்களைக் கறுப்பாப் போட்டா சொந்தக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

"நான் செவப்பாப் போட்டதுக்கு சண்டைக்கு வந்துகீறேன்."

"அப்ப அவங்க கலர் என்னன்னு காட்டு. அப்படியே போட்டுத் தரேன். எதிர்க்கடையில மூஞ்சிக் கலரை பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. போய்ப் பாரு" என்று கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். கிண்டல் என்று நைனாவுக்குத் தெரியவில்லை. மறுநிமிஷம் ரோட்டைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். பாட்டிலில் ஒரு சொட்டு எடுத்துத் தன் முழங்கையில் தேய்ப்பார். ட்யூப்லைட்டை நம்பமாட்டார். "இந்த லைட்டு பொய் சொல்லுது" என்று பாட்டிலோடு தெருவுக்கு ஓடுவார், வெயிலில் பார்க்க. முதல் தடவை முதலாளி, "புடி, புடி! பாட்டிலைத் தூக்கிட்டு ஓடுறான்!" என்று கல்லாவிலிருந்து குதித்துத் துரத்தினார். நைனா நடுரோட்டில் கையை நீட்டியபடி நின்று, "மொதலாளி, நீயே பாத்து சொல்லு, பொம்பள கலரா இது? சுண்ணாம்பு கலரு" என்றார். பின்னால் ஒரு பஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

புடவைக்கு மேட்சிங் ரவிக்கை எடுக்கப் போகிறவர்கள் புடவையைக் கையோடு கொண்டுபோவார்கள் அல்லவா? நைனாவும் மேட்சிங்குக்குச் சாமான் கொண்டுவர ஆரம்பித்தார். ஒரு வாரம் ஊறவைத்த புளி. ஒரு வாரம் சப்போட்டாக் கொட்டை. ஒரு வாரம் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாளைக் கருவாட்டைக் கண்ணாடிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டார்.

"இந்த வாலுகிட்ட பாரு. இதுல பாதி, புளில பாதி. சிரிச்சா இன்னும் கொஞ்சம் டார்க்கு."

அப்போது கல்யாணப் பெண்ணுக்கு ஸ்னோ வாங்க ஓர் அம்மாள் குடும்பத்தோடு வந்திருந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டாள். முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல எல்லாரும் வெள்ளையாவறதுக்குக் காசு கொடுக்கிறான். ஒரு ஆளு மட்டும் கறுப்பு கேக்கறான். அவனும் நம்ம கடைக்கே வரான்!"

மெட்ராஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ரகம் ரகமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போய் வந்தார். இரண்டு கையிலும் தோள்வரை பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு, ஒன்றைக்கூடக் கழுவாமல், எனக்குக் காட்டுவதற்காக அப்படியே பஸ்ஸில் வந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ தோல் வியாதி என்று பயந்து எழுந்து போய்விட்டாராம். "நல்லதாப் போச்சு, காத்தோட்டமா குந்திகினு வந்தேன்" என்றார். கடைசிப் பட்டையைக் காட்டி, "இது வெள்ளக்காரங்க வெயில்ல காஞ்ச கலராம். அவங்க காஞ்சாலும் நம்ம கலருக்கு வர்ல பாப்பா" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கண்ண மூடினா அவ மூக்கு தெரியுது, பல்லு தெரியுது. கலருதான் நாளுக்கு நாள் வெளுத்துகினே போவுது. முச்சூடும் வெளுத்துப் போச்சுன்னா, அப்பால அந்த ஸ்டுடியோக்காரன் போட்ட படம்தான் எம் பொண்டாட்டின்னு ஆயிடும். அதான் பயமாக் கீது."

எனக்கு என்ன தோன்றியதோ, கைக்குட்டையை நனைத்து முகத்துப் பவுடரைத் துடைத்தேன். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையை அவர் முன்னால் கண்ணாடிப் பெட்டி மேல் நீட்டினேன். அந்தக் கவுண்டரில் பாட்டிலுக்குள் போகாத கலர் நான் ஒருத்திதான். இதுதான் என்று அவர் சொல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கலரை ஒருவர் தேடி வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

நைனா என் கையைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைக்குப் பின்னால் நானும் போனேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இல்ல கண்ணு. நீ செவப்பு."

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னைச் சிவப்பு என்கிறார். அதுவும் நான் கறுப்பாக இருக்க ஆசைப்பட்ட ஒரே நாளில்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளப் போனேன். அவர் விடவில்லை.

"இரு, இரு. அவ கை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். மீனு கழுவிகினே இருப்பாளே. நானு அவளைக் காஞ்ச கையோட எப்ப பாத்தேன்? பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா!"

கடைப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து கையில் ஊற்றிக்கொண்டேன். ஈரத்தில் என் கறுப்பு இன்னும் ஒரு படி இறங்கி, வெயிலில் பளபளத்தது. நைனா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாத்தையக் கூப்டு. காஞ்சிடப் போவுது."

ஸ்டுடியோக்காரர் சாயக் கிண்ணங்களோடு ஓடிவந்தார். அவர் கலக்குவதற்குள் கை காய்ந்துவிடும். நைனா "ஊத்து, ஊத்து" என்பார். நான் ஊற்றுவேன். மறுபடி கலக்குவார், மறுபடி காயும். சுற்றிலும் கூட்டம். "கவுண்டரை யாரு பாக்கறது?" என்று கத்திக்கொண்டே வந்த முதலாளி, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சொம்பை வாங்கி அவரே ஊற்ற ஆரம்பித்தார். "முழங்கைகிட்ட பாருய்யா, அங்கதான் கரெக்டா இருக்குது" என்று யோசனை வேறு.

புதிதாக ஒரு பிரதி போட்டு, கலர் தீட்டி, அடுத்த சனிக்கிழமை படம் தயாரானது. நானும் ரோட்டைத் தாண்டிப் போய் ஓரமாக நின்றேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பெரிய பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு கறுத்த அம்மாள். அப்படி ஓர் அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நைனா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. படத்தை இரண்டு கையாலும் வாங்கி, அதனிடம் மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நாளா வெளியவே நிக்க வச்சிட்டேன். வா, வூட்டுக்குப் போலாம்."

துண்டால் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. வர வேண்டிய வேலையும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் மத்தியானம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சும்மாவாவது ஒரு நடை வந்திருக்கலாம், நைனா.