வர்க்கி அக்காவும் மூன்று பல்லும்

ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். கோத்தகிரியில் ஆலங்கட்டி மழை. தலையில் கல்லெறிவதுபோல் விழுந்த மழைக்குப் பயந்து, பஸ் ஸ்டாண்டு வளைவில் இருக்கும் வர்க்கி ரொட்டிக் கடைக்குள் ஒதுங்கினேன். குடை கொண்டுபோகாத குற்றத்துக்கு இப்படியொரு தண்டனை உண்டென்று எனக்குத் தெரியாது. நீலகிரியில் காட்டெருமையிடமிருந்து தப்பித்தவர்கள் உண்டு. தேயிலை விலை சரிந்தபோது தப்பித்தவர்கள்கூட உண்டு. அந்தக் கடைக்கார வர்க்கி அக்காவிடமிருந்து தப்பித்தவர் ஒருவர்கூட இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எனக்கு வயது எழுபத்து மூன்று, அவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்காது. ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பின்கட்டில் விறகு அடுப்பு, முன்கட்டில் கண்ணாடிப் பெட்டி, பெட்டி நிறைய, கடித்தால் அடுக்கடுக்காக உதிரும் மொறுமொறு வர்க்கி. கடைக்கு முன்னால் மட்டும் எட்டடிக்குத் தகரக் கூரை நீட்டியிருக்கும். அந்தத் தெருவில் வேறு எந்தக் கடைக்கும் அப்படிக் கூரை கிடையாது.

"வெய்யில்ல வர்றவன் வாங்கிட்டுப் போயிருவானுங்க சார். மழைக்கு ஒதுங்கறவன் எங்கீங்க போவான்? நாம சொல்றதக் கேட்டுத்தானுங்களே ஆகணும்?"

இதுதான் அவருடைய தொழில் ரகசியம். ஒதுங்கியவர் கையில் முதலில் சூடான வர்க்கி ஒன்று வரும். காசு வாங்க மாட்டார். அடுத்து டீ வரும். அதற்கும் வாங்க மாட்டார். மூன்றாவதாக ஒரு கலைஞர் வருவார். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் ஒதுங்கினார். பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் நன்றாகப் பாடுவார். அவர் அன்று கடையில் இருந்தார். மழை நாற்பது நிமிடம் பெய்தது. பாட்டு ஐம்பது நிமிடம். மழை விட்டதும் எழுந்த மேலாளரை அக்கா, "சரணம் பாக்கி இருக்குதுங்க" என்று உட்கார வைத்துவிட்டார். அடுத்த மாதம் வங்கி ஆண்டு விழாவில் அந்தப் பெண்தான் பாடினார்.

உள்ளூரில் ஒரு கவிஞர் இருந்தார். அவர் கவிதையைப் பதிப்பிக்க ஆளில்லை. அக்கா வர்க்கி சுற்றும் தாளில் அச்சடித்துவிட்டார். மாவட்டத்திலேயே அதிகம் படிக்கப்பட்ட கவிஞர் அவர்தான். கடைசி இரண்டு வரி மட்டும் எண்ணெய் ஊறித் தெரியாமல் போய்விடுகிறது என்று வந்து வருத்தப்பட்டார்.

"அந்த ரெண்டு வரிய மொதல்லயே எழுதிருங்க," என்று அக்கா யோசனை சொன்னார்.

நல்ல காரியத்துக்கும் இதே வேகம்தான். கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் முட்டிக்கொள்ளாமலிருக்க ஊரெல்லாம் வசூல் செய்து பெரிய குவி கண்ணாடி ஒன்று வைத்தார். ஒரு வாரத்தில் அங்கே புதிய ஆபத்து முளைத்தது. பைக்கில் வருகிறவர்கள் எல்லாரும் வளைவில் நிறுத்தித் தலை சீவிக்கொள்ளத் தொடங்கினார்கள். அக்கா அடுத்த வசூலில், பத்தடி தள்ளி, தலை சீவுவதற்கென்றே தனியாக ஒரு சிறிய கண்ணாடி வைத்தார். அதன் பிறகு அங்கே முட்டல் இல்லை.

இப்பேர்ப்பட்டவரின் கூரைக்குக் கீழேதான் அன்று நான் நின்றேன். வர்க்கி வந்தது. டீ வந்தது. மூன்றாவதாக துரைராஜ் வந்தார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

துரைராஜ் டிரம்பெட் வாசிப்பவர். ஆறு பேர் கொண்ட பேண்ட் செட்டுக்கு அவர்தான் தலை. அவர் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே குடியேறியது. கல்யாணமோ திருவிழாவோ, அவர் ஊதினால் எதிர்மலையிலிருந்து பதில் வரும். ஜனவரியில் ஒரு நாள் கச்சேரி முடிந்து தேயிலைக் காட்டு வழியாக நடந்து வந்தவருக்கு எதிரே காட்டெருமை நின்றிருக்கிறது. ஓடினார். கருங்கல் படியில் முகம் குப்புற விழுந்தார். விழும்போதும் இரண்டு கையாலும் டிரம்பெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டிரம்பெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பல் மூன்று போய்விட்டது.

"வாத்தியத்தக் காப்பாத்திட்டேங்க, கிளாக்கர் ஐயா," என்றார் துரை கைக்குள்ளிருந்து. நான் தேயிலை பேக்டரியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சிலோன் குடும்பத்தார் என்னை இன்றும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பல்லக் காப்பாத்தியிருந்தா வாத்தியம் வேற வாங்கியிருக்கலாமில்ல? மூள இருக்குதா பாருங்க சார் இந்தாளுக்கு!" என்றார் அக்கா.

முன்பல் இல்லாமல் டிரம்பெட்டை உதட்டில் ஊன்ற முடியாது. வெறும் காற்றுதான் வரும். துரை கையிலிருந்த காசுக்குக் கழற்றி மாட்டும் பல் செட்டு ஒன்று வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒத்திகையில் முதல் ஊதலிலேயே அது பறந்துபோய், எதிரே நின்ற டிரம்காரர் காலடியில் விழுந்தது. நிலையாகப் பொருத்தும் பல்தான் வேண்டும், நாற்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார் பல் டாக்டர். மே மாதம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. ஏப்ரல் முடிவதற்குள் துரை சரி என்று சொல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்து பேண்டுக்கு முன்பணம் போய்விடும். அந்த ஒரு திருவிழாவைப் பார்த்துத்தான் வருடம் முழுவதும் மற்ற கச்சேரிகள் வரும். ஆறு வீட்டுக் கஞ்சி அந்த மூன்று பல்லில் இருந்தது.

"அதனால ஒரு கலை விழா வெக்கறமுங்க," என்றார் அக்கா. "நீங்கதானுங்க தலைவரு."

"நானா? எனக்கெதுக்குங்க அதெல்லாம்? பிரஷர் இருக்கு."

"சும்மா பேருக்குத்தானுங்க."

மேஜை மேல் நோட்டீஸ் கட்டு இருந்தது. ‘விழாத் தலைவர்’ என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மை நன்றாகக் காய்ந்தும் இருந்தது. ஆலங்கட்டி மழை பெய்யும் என்று அந்த அம்மாளுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கேரட் நறுக்கிக்கொண்டே, "தலைவருன்னா மொத ஆயிரம் நம்மூட்டுதுதான். எடுத்து வெச்சிருங்க," என்றாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி சமுதாயக் கூடத்தில் விழா. அடடா, என்ன கூட்டம்! கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளியோடு வந்திருந்தார்கள், குந்தா மின்வாரியத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், கட்டபெட்டிலிருந்து சிறு விவசாயிகள் வந்திருந்தார்கள். பாட்டுக்காரப் பெண் பாடினார். கவிஞர் எண்ணெய்க் கறை இல்லாமல் ஒரு கவிதையை முழுதாகப் படித்து முடித்து, பழக்கமில்லாததால் அவரே அழுதுவிட்டார். துரையின் ஐந்து கூட்டாளிகள் டிரம்பெட் இல்லாமல் வாசித்தார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ வசூல் கூடியது. துரை மட்டும் மூலையில், வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார்.

ஆறு மணிக்குக் கணக்குப் பார்த்தோம். முப்பத்தோராயிரம் சேர்ந்திருந்தது. பதினேழாயிரம் குறைந்தது. மிச்சம் இருந்தது ஏலம் ஒன்றுதான்.

ஏலப் பொருள் ஒரு படம். ஊரில் போர்டு எழுதும் செல்வா வரைந்தது. லாரி போர்டு, பேக்டரி போர்டு, கோயில் வளைவு எல்லாம் அவர் கைதான். ஆறடிக்கு நாலடி பலகையில், துரையைத் துரத்தும் காட்டெருமை! செல்வா யாரை வரைந்தாலும் மாரியம்மன் முகம்தான் வரும். காட்டெருமைக்கும் அதே முகம். மூக்குத்திதான் இல்லை. துரத்துகிறதா, அருள் பாலிக்கிறதா என்று சொல்ல முடியாத படம்.

அக்காவே மேடையில் நின்று ஏலம் விட்டார். ஆரம்பம் இரண்டாயிரம். ஜெர்க்கின் போட்ட ஒரு பெங்களூர்க்காரர், இங்கே விடுதி நடத்துகிறவர், உடனே கை தூக்கினார். தலைவராகிய நான் மேடை நாற்காலியில் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறொரு கவலை. டிக்கெட் விற்றது இருநூறு. கூடத்தில் அதற்கு மேல் ஆள் இருப்பதுபோல் பட்டது. யாரோ டிக்கெட் இல்லாமல் நுழைந்திருக்கிறார்கள்! வரிசைக்கு எத்தனை பேர் என்று விரலை நீட்டி, தலையை ஆட்டி எண்ணத் தொடங்கினேன்.

"சார் மூவாயிரம்!" என்றார் அக்கா. யாரோ ஒரு சார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெர்க்கின்காரர் ஏற்றினார். நான் இரண்டாம் வரிசைக்கு விரலை நீட்டினேன். "சார் அஞ்சாயிரம்!" கூட்டம் கை தட்டியது. ஜெர்க்கின்காரர் விடவில்லை. மூன்றாம் வரிசை, நான்காம் வரிசை. கை தட்டல் சத்தத்தில் எனக்கு எண்ணிக்கை தவறியது. மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். "சார் விடறதா இல்லீங்க! பத்தாயிரம்!" விசில் பறந்தது. கூட்டத்துக்கு நடுவே என் மனைவி எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவளையும் ஒரு தலையாகச் சேர்த்துக்கொண்டேன். ஜெர்க்கின்காரர் பதினாறாயிரத்து ஐநூறில் வந்து நின்றார். நான் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றிருந்த ஆளை நோக்கி விரலை உயர்த்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு!

"பதினேழாயிரம்! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஜெர்க்கின்காரர் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இவ்ளோ ஆசைப்படறாரு. அவரே வச்சிக்கட்டும்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று வண்டியேறிப் போயே போய்விட்டார்.

"மூணு தரம்! விழாத் தலைவருக்கே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றேன். "ஏனுங்க! நான் ஆள எண்ணிட்டிருந்தேனுங்க!"

அக்கா அசரவில்லை. "ஆள எண்ணுனது போதுமுங்க சார். இனி ரூவாய எண்ணுங்க."

கூடம் அதிர்ந்தது. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. இது செல்லாது, மறுபடி ஏலம் விடவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூலையிலிருந்து துரை மேடைக்கு வந்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னிலையில், வாயிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா, விடுங்க. ஐயாவுக்குத் தெரியாம நடந்துபோச்சு. அவுங்கள சங்கடப்படுத்த வேணாம். நாம அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் ஐந்து கூட்டாளிகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் துரையின் வாயைப் பார்த்தேன். மேல் வரிசை நடுவில் மூன்று பல்லுக்கு வெறும் இருட்டு. 

"அடுத்த வருசமாவது, ஆட்டுக்குட்டியாவது!" என்று கத்தினேன். "பதினேழுதான். பலகைய இறக்குங்க."

அன்று எழுந்த சத்தத்தில் கூடத்தின் தகரக் கூரையே ஆடியது. என் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

மே மாதம் திருவிழா. தேர் கிளம்பும் நேரம் துரை புதுப் பல்லோடு டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். பறந்து விழுந்தால்? கண்ணை மூடிக்கொண்டேன். ஊதினார் பாருங்கள்! எதிர்மலை திருப்பி ஊதியது, எஸ்டேட் நாய்கள் எல்லாம் ஊதின, கொழுந்துக் கூடைப் பெண்கள் ஆடினார்கள், என் பிரஷரும் ஆடியது. ஊதி முடித்துவிட்டுத் துரை பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க. நான் ஆள எண்ணிட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"மொத வெரலுக்குத் தெரியலீங்க சார். ரெண்டாவது வெரலுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்ப ஏனுங்க சொல்லல?"

"கடசி வரிச வரைக்கும் எண்ணோணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிட்டிருந்தனுங்க."

இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு மேடையில் பொன்னாடை போட்டவர் அவர். அவருக்கு யாரும் போட்டதில்லை. கக்கத்தில் மறைத்து வைத்திருந்த கம்பளிச் சால்வையைப் பிரித்து, கூட்டத்துக்கு நடுவே அவர் தோளில் போர்த்தினேன். அக்கா சால்வையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல கம்பளிங்க சார். ஏலம் விட்டா என்னங்க போகும்?" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஏலம் விடவில்லை. இன்று காலைகூட அதைப் போர்த்திக்கொண்டுதான் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார்.

படத்துக்குப் பதினேழாயிரம். அதை ஏற்றிவந்த டெம்போவுக்கு நானூற்றைம்பது. வாசலில் நுழையாததால் கதவு நிலையைக் கழற்றி மாட்டிய தச்சருக்கு ஆயிரத்து இருநூறு. என் ஆயுளில் பேரம் பேசாமல் நான் வாங்கிய ஒரே பொருளான அந்தச் சால்வைக்கு அறுநூற்று நாற்பது. ஆக மொத்தம் பத்தொன்பதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.