முப்பத்திரண்டு ஆம்ப்ஸ் மாப்பிள்ளை

பெடலை மிதித்ததும் ‘டப்’ என்று பிரேக்கர் விழுந்து கரண்டைத் துண்டித்தது. புது ஸ்பாட் வெல்டிங் மெஷின் தகரத்தை ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றது.

"என்னப்பா இது, வாங்கின அன்னிக்கே செத்துப்போச்சா?" என்றார் முதலாளி.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். முப்பத்திரண்டு ஆம்ப்ஸ் பிரேக்கர் தாங்கல. பெருசா போட்டா சரியாயிடும்."

பட்டறை எலக்ட்ரீஷியனான அவனுக்குப் பிரேக்கரைவிடக் கடிகாரம்தான் பெரிய கவலை. அக்கா பார்த்து வைத்த பெண்ணை ஐந்து மணிக்குக் காபிக் கடையில் சந்திக்க வேண்டும். முன்பு பார்த்த இரண்டு பெண்களையும் வேலை வேலை என்று காக்க வைத்தே கோட்டை விட்டிருந்தான்.

போன் அடித்தது. அக்காதான்.

"கிளம்பிட்டியாடா?"

"இதோக்கா, ஒரே ஒரு பிரேக்கர்."

"இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா அந்தப் பிரேக்கரையே கட்டிக்க!"

"பொண்ணு என்ன வேலைன்னாவது சொல்லேன்."

"இன்ஜினியர். மிச்சத்தை அவகிட்டயே கேளு. போய் உம்முன்னு உக்காருவே, பேச ஒரு விஷயம் வேணாமா?"

அறுபத்துமூன்று ஆம்ப்ஸ் பிரேக்கரை மாட்டிப் பெடலை மிதித்தான். புதுப் பிரேக்கர் அசையவில்லை. ஆனால் மெயின் பிரேக்கர் விழுந்து, பட்டறையின் விளக்கு, விசிறி எல்லாம் நின்றன.

"ஒரு மெஷின்தான் நின்னுது. இப்ப மொத்தத்தையும் நிறுத்திட்டியே, ராசா!" முதலாளி தலையில் கை வைத்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மெயினையும் பெரிதாக்கினான். மிதித்தான். உள்ளே எதுவும் விழவில்லை. வெளியே கம்பத்தில் ‘படார்’ என்றது. தெருவே அடங்கிப்போனது. எதிர் சலூனிலிருந்து பாதி மீசையோடு ஒருவர் ஓடிவந்து, "எவன்யா அது?" என்று கத்தினார்.

அதற்குப் பிறகுதான் மெஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்தான். மிதிக்கிற கணத்தில் மட்டும் மெஷின் பல மடங்கு கரண்டை இழுக்குமாம். மற்ற நேரம் சும்மா இருக்குமாம். வேண்டியது மலை போன்ற பிரேக்கர் இல்லை. அந்தக் கண நேர இழுப்பைப் பொறுத்துக்கொண்டு, ஒயர் சூடாகும் அளவுக்கு நீடித்தால் மட்டும் விழுகிற வகை. போதாக்குறைக்கு, மெல்லிய தகரத்துக்கு மெஷினின் கரண்ட் அளவை உச்சத்தில் வேறு வைத்திருந்தான்! அளவைக் குறைத்தான். பழைய மெயினையே திரும்ப மாட்டினான். சரியான வகைப் பிரேக்கரைத் தேடிப்பிடித்துப் போட்டான். சோதித்துப் பார்க்கத்தான் கரண்ட் இல்லை.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அக்கா கொடுத்திருந்த எண்ணில் பெண்ணை அழைத்தான்.

"மன்னிச்சிடுங்க, வேலையில மாட்டிக்கிட்டேன்."

"ஐயோ, நானே இன்னும் கிளம்பலைங்க. கிளம்பற நேரத்துல எவனோ எல்லாத்தையும் குளறுபடி பண்ணி வெச்சிருக்கான்."

அவனுக்குப் போன உயிர் வந்தது. "அந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடாதீங்க. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க."

"கண்டிப்பா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது போலிருந்தது அவனுக்கு.

விளக்குகள் எரிந்தன. ஓடிப்போய்ப் பெடலை மிதித்தான். தகரம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. எங்கும் எதுவும் விழவில்லை. முதலாளிகூடச் சிரித்தார்.

வாசலில் ஏணியோடு லைன்மேன் வந்து நின்றார். "கம்பத்து ஃப்யூஸை அடிச்சது யாரு?"

"நான்தாண்ணே. இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன்."

"அதை எங்க இன்ஜினியர் மேடம்கிட்ட சொல்லுங்க தம்பி, பின்னாடியே வர்றாங்க. பாவம், அஞ்சு மணிக்குக் காபிக் கடையில மாப்பிள்ளை பாக்கப் போக வேண்டியவங்க!"