தேசிக்காய் காட்டிய சகுனம்

"இந்தக் கோடையில் மலையுச்சி வரை நானே காரோட்டுவேன்" என்று பிராங்பேர்ட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் சபதம் செய்தேன். கேட்டவன் என் மனைவியின் தம்பி மகேந்திரராஜா. அப்போது மாசி மாதம். தெற்கே அந்த மலைப்பாதை பனியில் புதைந்து கிடந்தது. அந்தத் தைரியத்தில்தான் சபதமே செய்தேன்.

வருடத்தில் பாதி நாள் அந்தப் பாதை பூட்டுத்தான். என் விடுமுறையும் தவறாமல் அந்தப் பாதியில்தான் வரும். இம்முறை என் மனைவி புஸ்பவதி, என்னைக் கேளாமலே யூலையில் அங்கே விடுதி பதிந்துவிட்டாள்.

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நான் புலி. மலையோரப் பள்ளத்தைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். இதை வீட்டில் சொல்ல மானம் விடவில்லை.

அடிவாரத்தில் ஒரு யோசனை உதித்தது. பெரிய பயணமென்றால் நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் வழக்கம். புஸ்பவதி சகுனம் பார்ப்பவள். ஒரு காய் தப்பினால் அவளே பயணத்தை நிறுத்திவிடுவாள். நாலாவது காயைச் சக்கரத்தில் படாமல் சற்றே தள்ளி வைத்தேன். காரை நகர்த்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். மூன்று சட்னி. ஒன்று முழுசு.

"இஞ்சை பாரும், ஒண்டு நசியேல்லை."

"ஓம்."

"சகுனம் பிழை. திரும்புவம்."

"ஆருக்குச் சகுனம் பிழை?"

"காரோடுறவனுக்குத்தான்."

"அப்ப நீங்கள் ஓட ஏலாது. கார்த் திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்."

புஸ்பவதியிடம் லைசன்ஸ் இருக்கிறது. சுப்பர்மார்க்கெட்டைத் தாண்டி ஓட நான்தான் விட்டதில்லை.

கார் ஏறியது. வளைவுக்கு மேல் வளைவு. மரங்கள் முடிந்தன. பிறகு பற்றைகளும் முடிந்தன. கல்லும், பாசியும், தரையோடு ஒட்டிய புல்லும், இன்னும் உருகாத பனித்திட்டுகளும்தான் மிச்சம். இவ்வளவையும் அரைக்கண்ணால் பார்த்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அவள் நிதானமாகப் பின்னுக்கு எடுத்து, வழிவிட்டு, சாரதிக்குக் கையும் காட்டினாள்.

"கண்ணைத் திறவுங்கோப்பா. வடிவாய்க் கிடக்கு."

"தேவாரம் சொல்லுறன். குழப்பாதையும்."

உச்சியில் இறங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஓடக்கூடியவளை இத்தனை வருடம் பால் வாங்க மட்டும் ஓடவிட்டிருக்கிறேன். போதாததற்குச் சாமி காரியத்திலும் கள்ளம் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சபதம் ஞாபகம் வந்தது.

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒரு படம் எடும். தம்பிக்கு அனுப்பவேணும்."

"அது பொய்யெல்லோ?"

"நான் ஒரு சொல்லும் எழுதமாட்டன். படம் மட்டும்தான்."

சாரதி இருக்கையில் ஏறினேன். உள்ளே கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. மலைக்காற்றில் உடம்பு விறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"கதவைத் திறந்து வையுங்கோ. ஆள் முழுசா விழவேணும்" என்றாள். நாலைந்து படம் எடுத்தாள். அவ்வளவு அக்கறையாக அவள் என்னை ஒருநாளும் படமெடுத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தேன். அவளே அனுப்பியும் வைத்தாள்.

உடனே பதில் வந்தது. புஸ்பவதி சத்தமாக வாசித்தாள்.

"அத்தான், படம் அருமை. அக்கான்ரை உயரத்துக்கு இழுத்துவிட்ட சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு இருந்திருக்கலாம். முழங்கால் மூக்கிலை முட்டுது."