மெத்தை அரங்கத்தின் சிவப்புப் பொத்தான்

சிவப்பு எரிந்தது.

கையில் டஸ்டரோடு அப்படியே நின்றார் கல்வெட்டு. வகுப்பறை வாசலில் மாட்டியிருந்த பெட்டி இதுவரை அவருக்காக எரிந்ததே கிடையாது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சரித்திர வாத்தியாருக்காக யார் மெனக்கெட்டு விரல் நீட்டப் போகிறார்கள்?

கல்வெட்டு என்பது மாணவர்கள் வைத்த பெயர். நடத்துவது சரித்திரம், முகத்திலும் எந்த அசைவும் இருக்காது. பெயருக்கு இரண்டுமே காரணம்.

பெட்டியின் கதை இது. அரசு மானியம் நின்றுபோன வருஷம் பல்கலைக்கழகம் கடை விரித்தது. நூலகத்தில் பாதி, செல்போன் ஷோரூம் ஆனது. கல்வெட்டு பாடம் நடத்தும் கூடத்துக்கு ஒரு மெத்தைக் கம்பெனி நன்கொடை கொடுத்து, 'மெத்தை அரங்கம்' என்று போர்டும் மாட்டிக்கொண்டது. அந்த போர்டுக்குக் கீழே பிற்பகலில் சரித்திரம் நடத்துகிறவன் பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். கடைசியாக, சோப்புக் கம்பெனியிலிருந்து ஒருவரைத் தர அதிகாரியாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் கணக்கில் மாணவன் கஸ்டமர், வாத்தியார் சரக்கு. வந்த வாரமே வாசலுக்கு வாசல் பெட்டி மாட்டிவிட்டார்.

திருப்தி என்றால் பச்சை. குறை என்றால் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் ஒரு சீட்டு வரும். சீட்டோடு வருகிறவரை வாத்தியார் தனியாக உட்காரவைத்துக் கால் மணி நேரம் குறை கேட்டே தீரவேண்டும். பருவக் கடைசியில் எந்த வாசலில் சிவப்பு அதிகமோ, அந்த வாத்தியாரின் ஒப்பந்தம் அதோடு சரி.

வேலை போனால் பல்கலைக்கழகக் குடியிருப்பும் போகும். கல்வெட்டுக்கு அதுகூடப் பெரிதில்லை. மனைவி போனபிறகு வீட்டில் அவரோடு பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதுவும் விட்டு விட்டு. கடல் தாண்டி இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்டீங்களாப்பா? உடம்பு எப்படி? சரி, வெச்சுடறேன்." அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்க உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த மெத்தை அரங்கம்தான்.

சீட்டோடு வந்தவன் ஒட்டடைக்குச்சி. கடைசி பெஞ்ச். உயரத்துக்கு ஏற்ற உடம்பு இல்லை.

"உக்காருப்பா. என்ன குறை?"

"பெஞ்ச் ஆடுது சார்."

"அவ்வளவுதானா?"

"ரொம்ப ஆடுது சார்."

கல்வெட்டு உடனே போய் ஒரு அட்டையை மடித்து பெஞ்சின் காலுக்கு அடியில் செருகினார். கால் மணி நேரத்தில் மீதி நிறைய இருந்தது. விதி விதிதான். என்ன பேசுவது?

"ஹாஸ்டலா?"

"ஆமா சார். ஆளுக்கு ஒரு ரூம். சாப்பாடு பொட்டலமா கதவுக்கு வெளிய வந்துடும். எதிர் ரூம்ல யார் இருக்கான்னே தெரியாது சார். செருப்பு மட்டும் தெரியும்."

அப்புறம் அவன் அப்பாவின் லாரியைப் பற்றிச் சொன்னான். கல்வெட்டு பழைய வணிகப் பாதைகளைப் பற்றிச் சொன்னார். மணி போனதே தெரியவில்லை. குறை தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் இரண்டு சிவப்பு.

"வேகமா பேசறீங்க சார்," என்றாள் சோடாபுட்டிக் கண்ணாடிப் பெண். மெதுவாகப் பேசினார். "தூக்கம் வருது சார்," என்றான் அடுத்தவன். ஜன்னலில் வெயில் வருகிறது என்றார்கள், திரை மாட்டினார். இருட்டாக இருக்கிறது என்றார்கள், திரையைக் கழற்றினார். "உங்க சட்டைல ஒரு பட்டன் இல்ல சார்," என்று ஒருத்தி சிவப்பு அமுக்கிவிட்டு வந்தபோது கல்வெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து பட்டன் தைத்தார்.

குறை சொல்ல வருகிறவர்களைக் கொஞ்சம் குளிர வைக்கலாம் என்று ஒரு டின் பிஸ்கட்டும் ஃபிளாஸ்கில் டீயும் வாங்கி வைத்தார். நெருப்பில் நெய் வார்த்த கதையாயிற்று. அந்த வாரம் பெட்டி நாள் முழுக்கச் செக்கச்செவேல்.

பக்கத்து அறையில் வணிக நிர்வாகம் நடத்துபவருக்குப் பச்சைக்கிளி என்று பெயர். அவர் வாசலில் பச்சையைத் தவிர வேறு நிறம் எரிந்ததில்லை. மானத்தை விட்டு அவரிடம் போனார் கல்வெட்டு.

"உங்க வாசல்ல மட்டும் எப்படி சார்?"

"ரொம்ப சிம்பிள். உள்ள போங்க, ஸ்லைடை ஓட்டுங்க, எல்லாருக்கும் மார்க்கை அள்ளிப் போடுங்க, வெளிய வந்துடுங்க. முக்கியமா, ஒருத்தன் மூஞ்சியையும் பார்க்காதீங்க. பார்த்தா பேசுவான். பேசினா பிரச்சனை."

அடுத்த நாள் கல்வெட்டு பாதி நேரத்திலேயே பாடத்தை முடித்தார். எல்லோருக்கும் மார்க்கை வாரி இறைத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

முதுகுக்குப் பின்னால் பெட்டி கீக் கீக் என்று ஓயாமல் கத்தியது.

"கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு சார்," என்று சீட்டை நீட்டினான் ஒட்டடைக்குச்சி. முகத்தில் நிஜமான கோபம்.

"முழுசா நடத்தினாலும் குறை, பாதியில விட்டாலும் குறையா? நான் என்னதாம்பா பண்றது?"

"பிஸ்கட் இருக்கா சார்?"

விஷயம் அதோடு நிற்கவில்லை. வரிசையில் அவருக்குத் தெரியாத முகங்கள் தென்பட ஆரம்பித்தன. விசாரித்தால், பச்சைக்கிளியின் மாணவர்கள்! அவரிடம் பாடமே படிக்காதவர்கள் வந்து அவர் வாசலில் சிவப்பு அமுக்கிவிட்டுப் போகிறார்கள்!

கல்வெட்டுக்குப் பொறி தட்டியது. சதி. நேராகப் பச்சைக்கிளி முன்னால் போய் நின்றார்.

"ஏன் சார், என் சோத்துல மண்ணு போடறீங்க? ஆளை விட்டு அமுக்க வெக்கறீங்களா?"

"யோவ், எனக்கு வேற வேலை இல்ல? அவனுங்க பேருகூட எனக்குத் தெரியாது. உங்களைக் கண்டா ஊருக்கே ஆகலை போலிருக்கு, என்னைப் புடிச்சுத் தொங்கறீங்க!"

ஊருக்கே ஆகவில்லை. அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தன் கழுத்துக்குக் கத்தி வைக்கும் அந்தக் கால் மணி நேரங்களுக்காகத்தான் காலையில் அவர் எழுந்ததும் ஆசையாகச் சவரம் செய்துகொள்கிறார். ஃப்ரிட்ஜ் பேசுவது இப்போதெல்லாம் அவர் காதில் விழுவதே இல்லை.

அன்று கேண்டீனில் தர அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால் சுற்றிலும் நாலு மேசை தானாகக் காலியாகிவிடும். கல்வெட்டும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தார்.

"சார்," என்றார் அதிகாரி, தலையை நிமிர்த்தாமல். "இந்தப் பருவத்துல மொத்தப் பல்கலைக்கழகத்தோட சிவப்பையும் ஒண்ணா வெச்சாலும் உங்க வாசலுக்கு உறை போடக் காணாது. சோப்புல இருந்தப்போ ஒரு சரக்கு வந்தது. தேய்ச்சா அரிக்கும். அதுக்குக்கூட இவ்வளவு புகார் வந்ததில்ல."

"திருத்திக்கறேன் சார்."

"வெள்ளிக்கிழமை வர்றேன்."

வெள்ளிக்கிழமை. பருவத்தின் கடைசி நாள். வகுப்பு முடிந்தது. தாழ்வாரத்தில் சீட்டும் கையுமாக நின்ற வரிசை மாடிப்படி வரை போயிற்று. அந்த வரிசையைப் பிளந்துகொண்டு நீள உறை ஒன்றோடு வந்தார் அதிகாரி. உறையில் என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

"நீங்க உள்ளயே இருங்க," என்றார். "கஸ்டமருங்களை நானே விசாரிக்கிறேன். ஆதாரம் பக்காவா இருக்கணும்."

ஒவ்வொருவராக அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு. ஒட்டடைக்குச்சியின் குரல் கேட்டது, சோடாபுட்டியின் குரல் கேட்டது, வார்த்தைகள் மட்டும் பிடிபடவில்லை. என்னவெல்லாம் சொல்கிறார்களோ! கல்வெட்டு பிஸ்கட் டின்னை மூடிப் பைக்குள் வைத்தார். ஃபிளாஸ்கை எடுத்தார், பாதி டீ இருந்தது, கொட்ட மனம் வராமல் திரும்ப வைத்தார். பெஞ்சுக் காலடியில் செருகிய அட்டையை மட்டும் தொடவில்லை. அடுத்து வருகிறவருக்காவது ஆடாமல் இருக்கட்டும்.

ஒரு வழியாகத் தாழ்வாரம் ஓய்ந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்த்து, வரேன் சார் என்று சொல்லவில்லை.

கீக்.

கல்வெட்டு திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாசல் பெட்டியில் சிவப்பு.

கதவருகில் தர அதிகாரி நின்றுகொண்டிருந்தார். இடது கையில் அந்த உறை, இன்னும் ஒட்டப்படாமல். வலது கையில் பெட்டி அப்போதுதான் துப்பிய சீட்டு. உள்ளே வந்து, வலது கையைத்தான் நீட்டினார்.

"வேலையே போகப் போகுது," என்றார் கல்வெட்டு குரல் உடைந்து. "நீங்களுமா சார்? உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் சொன்னார்:

"குறை ஒண்ணும் இல்ல சார்... பச்சையை அமுக்கினா மெஷின் 'நன்றி'ன்னு சொல்லி அனுப்பிடுதாம், சிவப்பை அமுக்கினாத்தான் நீங்க 'உக்காருப்பா'ன்னு சொல்றீங்களாமே?"