மஞ்சள் அட்டை இதழ்

"அந்த மஞ்சள் அட்டை இதழ் இன்னும் இருக்கா?" என்று அன்று காலை கேட்ட நான்காவது ஆளையும் கடைக்காரன் மிலூத்தினுக்கு வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியிருந்தது.

அவனுக்கு இது பழக்கமில்லாத கஷ்டம். நோவி சாத் நகரில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் உள்முற்றத்தில், ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்துகிற அறையாக இருந்த இடத்தில் அவனும் மனைவி யாகொதாவும் 'மடிப்பு' என்று பெயர் வைத்துச் சிற்றிதழ்க் கடை நடத்துகிறார்கள். ஒன்பது வருடத்தில் ஓர் இதழ் விற்றுத் தீர்ந்தது இதுவே முதல் தடவை. அதுவும் மூன்றே நாளில்.

சரி, எழுதியவரிடம் சொல்லி இன்னும் நாலு பிரதி வாங்கலாம் என்றால் எழுதியவர் யார் என்று தெரியாது. சிற்றிதழ்க்காரர்கள் அப்படித்தான். தாங்களே எழுதி, தாங்களே நகலெடுத்து, தாங்களே ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் இருக்காது, விலை இருக்காது. யார் எழுதியது என்று விசாரிப்பது அந்த உலகத்தில் மகா அநாகரிகம். ஆகவே போன வெள்ளிக்கிழமை மேஜையில் பன்னிரண்டு மஞ்சள் பிரதிகளைப் பார்த்தபோது மிலூத்தின் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அட்டையில் 'அறை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை' என்று மட்டும் இருந்தது. உள்ளே இப்படிப் போயிற்று:

'மார்ச் 4. காலை 11.20. இருவர் வந்தனர். நின்றனர். ஒன்றைக் கையில் எடுத்தனர். திரும்ப வைத்தனர். போயினர். வாங்கவில்லை.'

'மார்ச் 5. யாரும் வரவில்லை.'

'மார்ச் 6. ஒருவர் வந்தார். மழைக்கு ஒதுங்கினார். மழை விட்டது. போனார்.'

நாற்பது பக்கமும் இதே கதைதான். மிலூத்தின் அதை இரண்டு தடவை படித்தான். 'வெறுமையின் நாட்குறிப்பு. இந்த வருடம் நமக்கு வந்ததிலேயே அசல்' என்று ஒரு அட்டையில் எழுதி, முன் அலமாரியில் வைத்தான். நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல் ஒரே ஒரு பிரதி மட்டும் வீட்டுக் காப்புக்கு என்று யாகொதாவின் பெட்டிக்குள் போயிற்று.

நான்காவது ஆள் போன கையோடு ராதோய்கா அம்மாள் உள்ளே வந்தார். கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத் தலைவி. முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். முற்றத்தின் எதிர்ப்பக்கம், இரண்டாவது மாடியில் அவருடைய சமையலறை ஜன்னல். அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, போன வெள்ளிக்கிழமை உங்க வாசல்ல சைக்கிள் வழியை மறைக்குதுன்னு சொல்ல வந்தேனே, அப்ப கையில ஒரு கட்டுக் காகிதம் இருந்துச்சு. இங்கதான் வச்சுட்டேன் போல."

"என்ன காகிதம்மா?"

"வீட்டுக்கு ஒண்ணு வீதம் பன்னிரண்டு. மஞ்சள் அட்டை. இந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வேணும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் அவன் கடை இருக்குமா போகுமா என்று தீர்மானிக்கப் போகிறார்கள். அறை சங்கத்துக்குச் சொந்தம். ஒப்பந்தம் முடிகிறது. பந்தயம் கட்டுகிற கடை நடத்தும் ஒரு கம்பெனி அந்த இடத்தின்மேல் கண் வைத்திருக்கிறது.

"பத்திரமா உள்ள எடுத்து வச்சிருக்கேம்மா. நாளைக்குக் கொண்டாந்து தரேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"சேச்சே."

"நல்லது. கூட்டத்துக்கு முன்னாடி நீங்க படிக்கவே கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

யாகொதா பெட்டியிலிருந்து காப்புப் பிரதியை எடுத்தாள். இருவரும் முதல் தடவையாக அதைப் பயத்தோடு படித்தார்கள்.

"மிலூ, இதக் கேளு. 'மே 6. தாடிக்காரர் தானே ஒன்றை எடுத்துப் படித்தார். அவரும் வாங்கவில்லை.'"

மிலூத்தின் தாடியைத் தடவிக்கொண்டான். "நான் அதை உருவகம்னு நினைச்சேன்."

"'ஜூன் 11. சிவப்புச் சட்டைக்காரி மறுபடி தூங்கிவிட்டாள்.' இது என்ன, இதுவும் உருவகமா?" என்று யாகொதா தன் சிவப்புச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். "ஆறு மாசமா ஜன்னல்ல உக்காந்து நம்மளையே எழுதியிருக்காங்க. நம்மள வெளிய தள்ளறதுக்குச் சாட்சி சேத்திருக்காங்க. அதை நீ முன் அலமாரியில வச்சு வித்திருக்க."

"முந்நூறு தினார்னு விலையும் போட்டேன்."

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேனே."

வேறு வழியில்லை. காப்புப் பிரதியை வைத்துப் பன்னிரண்டு நகல் எடுத்தார்கள். மிலூத்தின் எடுத்துக் கொடுக்க, யாகொதா மடித்தாள். மடிக்கிற கை சும்மா இருக்குமா. ஒன்பது வருடப் பழக்கம். மறுநாள் காலை ராதோய்கா அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் மிலூத்தினே அதைச் சரியாகப் பார்த்தான்.

"நான் இதுக்கு ஸ்டேப்ளர் பின்தானே அடிச்சிருந்தேன். சிவப்பு நூல் எப்படி வந்துச்சு?"

"பின் துருப்பிடிச்சுப் போச்சும்மா."

"நாலு நாள்லயா?"

"முற்றத்துல ஒரே ஈரம்."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். யாகொதாவின் அழகான கையெழுத்தில் 'இரண்டாம் பதிப்பு' என்றும், அதன் கீழ் 'பிரதி எண் 1/12' என்றும் இருந்தது.

"அப்ப முதல் பதிப்பு எங்க?"

மிலூத்தின் குனிந்து அவர் வாசல் மிதியடியை நேராக்கினான். அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"படிச்சாச்சு. சரி. தலைவியா இருந்துக்கிட்டு இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க தம்பி. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க."

மிரட்டல் என்றால் இதுதான் மிரட்டல் என்று மிலூத்தின் நினைத்தான். இவர் எழுதி வைத்ததைப் போலவே ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திரு, வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறேன் என்கிறார். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் மஞ்சள் இதழைத் தேடி வந்த மாணவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அந்த இதழ் இந்தக் கடையைப் பற்றியது என்று தெரிந்ததும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாங்க என்ன செய்யணும் சொல்லுங்க அண்ணே."

"ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க. எதையாவது வாங்குங்க. பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முற்றத்தைக் கடந்து போங்க. அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியணும்."

அவர்கள் நண்பர்களையும் கூட்டிவந்தார்கள். புதன், வியாழன் இரண்டு நாளும் முற்றத்தில் திருவிழாதான். தலைக்கு மேலே பையைப் பிடித்தபடி வரிசையாகப் போனார்கள். சிலர் திரும்பி வந்து இரண்டாவது தடவையும் வாங்கினார்கள். ஒன்பது வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்த காளான் கவிதை இதழ்கூடப் போய்விட்டது.

முதல் மாடிக்காரர் தீஹொமிர் முற்றத்து இரும்பு அடுப்பில் குளிர்காலத்துக்குச் சிவப்புக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். இடுக்கியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, ஒரே கூட்டமா இருக்கு?"

"எங்க கடையில எப்பவும் இப்படித்தாங்க."

"எப்பவுமா?" என்று அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிளகாயைப் புரட்டப் போனார்.

ராதோய்கா அம்மாள் ஜன்னலில்தான் இருந்தார். பேனாவை எடுப்பார், வைப்பார். திரையை இழுப்பார், விலக்குவார். வியாழக்கிழமை சாயங்காலம் தாங்கமாட்டாமல் ஜன்னலைத் திறந்து ஒரு பெண்ணிடம், "அந்தப் பையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடியேம்மா," என்று கெஞ்சவே செய்தார். கடைக்குள்ளே மிலூத்தின் யாகொதாவைக் கட்டிக்கொண்டான்.

"ஆடிப் போயிட்டாங்க பாரு."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். மாடிப்படி அடியில் ஆளுக்கொரு முக்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் சுற்றி வந்தது. பந்தயக் கம்பெனி ஆள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். ராதோய்கா அம்மாள் சிவப்பு நூல் போட்ட பன்னிரண்டு பிரதிகளையும் விநியோகித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மார்ச் மாதத்திலிருந்து இந்த அறையை நான் கவனித்து வந்திருக்கிறேன். இதில் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்தது. இந்த ஆறு மாதத்தில் இங்கே எதையாவது வாங்கியவர்கள்..."

"ஒரு நிமிஷம்மா," என்று மிலூத்தின் எழுந்தான். "யாகொதா, கதவைத் திற."

முப்பத்தொரு பேர் பையும் கையுமாக உள்ளே வந்தார்கள். மாடிப்படி நிறைந்துவிட்டது.

"தம்பி, உக்காருங்க," என்றார் ராதோய்கா அம்மாள்.

"உக்கார மாட்டேன். இவங்க எல்லாரும் இந்த வாரம் எங்கிட்ட வாங்கினவங்க. ஒருத்தரும் வாங்கறதில்லைங்கறது அபாண்டம். எங்க கடையில வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது."

"தம்பி, தயவு செஞ்சு உக்காருங்க."

"இந்த மஞ்சள் இதழையே நான் மூணு வாங்கினேன்," என்று ஒரு மாணவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "மூணு நாள்ல தீர்ந்துடுச்சு."

முதலில் கை தட்டியது நீலக் கோட்டுக்காரர். பிறகு மாணவர்கள் தட்டினார்கள். கடைசியில் குடியிருப்பவர்களும் தட்டினார்கள்.

ராதோய்கா அம்மாள் தன் கையிலிருந்த பிரதியை மெதுவாக மூடினார். நடவடிக்கைக் குறிப்பில் தன் கையாலேயே எழுதினார்: 'அறையில் வியாபாரம் மிக நன்றாக நடைபெறுகிறது என்று கடைக்காரரே நிரூபித்தார்.' பிறகு சங்க விதிப் புத்தகத்தைத் திறந்து, பதினாலாவது விதியின் முதல் வரியைப் படித்தார். வியாபாரம் நடக்கிற பொது அறையை, ஒப்பந்தம் முடிந்ததும், அதிக வாடகை தருகிறவருக்கு ஏலத்தில் விட வேண்டும்.

நீலக் கோட்டுக்காரர் பழைய வாடகையைப் போல நாலு மடங்கு சொன்னார். மிலூத்தினால் ஒரு மடங்குக்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. கைகள் உயர்ந்தன. கடைசியாக, ரொம்பத் தயங்கி, ராதோய்கா அம்மாளின் கையும் உயர்ந்தது. அவர் யாரையும் பார்க்காமல் மாடியேறிப் போய்விட்டார்.

மிலூத்தின் முற்றத்தில் வந்து தன் கடை வாசற்படியில் உட்கார்ந்தான். ஒன்பது வருடம். யாகொதா அவன் தோளில் கை வைத்தாள், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த தீஹொமிரிடம் அவன் ஆற்றமாட்டாமல் சொன்னான். "ஆறு மாசமா அந்த ஜன்னல்ல உக்காந்து எனக்குக் குழி பறிச்சாங்க. கடைசியில ஜெயிச்சுட்டாங்க."

தீஹொமிர் முக்காலியைக் கீழே வைத்தார்.

"குழி பறிச்சாங்களா? அந்த விதியில ரெண்டாவது வரி ஒண்ணு இருக்கேப்பா, வியாபாரமே நடக்காத படிப்பகம்னா ஏலம் கிடையாது, பழைய வாடகைக்கு இருக்கிறவங்களுக்கே விட்டுடணும்னு. உன் கடையில ஒரு ஈ கூட எதையும் வாங்கறதில்லைன்னு நிரூபிக்கத்தான் பாவம் அந்தம்மா ஆறு மாசமா ஜன்னலை விட்டு நகரல."